எதிரே நிற்க ஓர் ஆள்

ஃபாரோ தீவுகளின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் 10 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பதையும் ஒரே பருவத்தில் மூன்று முறை சந்திக்கிறது. மொத்தம் 27 சுற்றுகள். மார்ச் மாதக் குளிர்காற்றில் தொடங்கி அக்டோபர் மழையில் முடிகிறது. இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ சொந்த ஊரில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று என்று இரண்டே ஆட்டங்களோடு இரு அணிகளின் கணக்கும் தீர்ந்துவிடும்; லீக்கைப் பொறுத்தவரை அடுத்த ஆண்டுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியதில்லை. ஃபாரோவில் அந்த வசதி கிடையாது. ஏப்ரலில் காலை வாரிவிட்ட பின்கள வீரர் ஜூலையில் மறுபடி வருவார். செப்டம்பரில் இன்னொரு முறை வருவார். நடுவில் ஒருநாள் மருத்துவமனையிலோ, மீன் ஆலை வாசலிலோ, உறவுக்காரர் வீட்டு ஞானஸ்நானத்திலோ அவரைப் பார்க்க நேரும். பார்த்தால் நின்று நலம் விசாரித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். முதல் ஆட்டத்துக்குத் திட்டத்தோடு போகலாம். இரண்டாவதற்குப் பழிதீர்க்கும் வேகத்தோடு போகலாம். மூன்றாவதற்குள் திட்டமும் தீர்ந்திருக்கும், கோபமும் ஆறியிருக்கும். அவர் இடப்பக்கம் திரும்பும்போது தடுமாறுவார் என்பது நமக்குத் தெரியும். அது நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதன் பிறகும் 90 நிமிடம் ஓட வேண்டும். ஒளிக்க எதுவும் இல்லாத இருவர் மோதிக்கொள்வதில் ஒரு தனி நேர்மை இருக்கிறது. உலகின் செல்வமிக்க லீக்குகளில் அதை நான் அவ்வளவாகக் கண்டதில்லை.

ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே, வட அட்லாண்டிக் கடலில் 18 தீவுகள். மக்கள்தொகை ஏறத்தாழ 54,000. டென்மார்க் முடியாட்சிக்குள் தன்னாட்சி பெற்ற நாடு. சொந்த மொழி, சொந்தக் கொடி, சொந்த நாடாளுமன்றம். 1988 முதல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிலும் சொந்த இடம். லண்டனின் வெம்பிளி மைதானத்தில் 90,000 பேர் அமரலாம். கைக்குழந்தை முதல் படுக்கையில் கிடக்கும் பாட்டிவரை இந்த நாட்டையே அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தாலும், மூன்றில் ஒரு பங்கு இருக்கைக்கு மேல் காலியாகவே கிடக்கும்.

இத்தனை சிறிய நாட்டுக்கு லீக் எதற்கு? தேர்ந்த இருபது பேரைப் பொறுக்கி, ஒரே அணியாக்கி, வெளிநாட்டு லீக் ஒன்றில் சேர்த்துவிடலாமே? ஆளும் மிச்சம், பணமும் மிச்சம். கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது நியாயமான கேள்விதான். ஆனால் ஃபாரோ மக்கள் 1942 முதல் இந்தக் கேள்விக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆடியே பதில் சொல்லி வருகிறார்கள்.

அந்த 1942ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்ததும், சில நாட்களிலேயே பிரிட்டிஷ் படை ஃபாரோவில் வந்து இறங்கிவிட்டது. தாய்நாட்டோடு தொடர்பு அறுந்துபோனது. தீவுக்காரர்கள் ஐஸ்லாந்துப் பக்கத்து மீனைப் பிரிட்டனுக்கு ஏற்றிச் சென்று விற்றார்கள். கண்ணிவெடிகளுக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் விமானத் தாக்குதல்களுக்கும் நடுவே போய் வந்த அந்தப் படகுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட ஃபாரோ கடலோடிகள் மாண்டார்கள். முப்பதாயிரத்தைத் தொடாத மக்கள்தொகையில் இருநூறு பேர். எந்தக் கிராமத்திலும் துக்க வீடு இல்லாத தெரு இருந்திருக்க முடியாது. அந்த ஆண்டுகளில்தான் ஊருக்கு ஊர் மோதும் தேசிய லீக்கைத் தொடங்கினார்கள். முதல் பட்டம் வடக்கே போர்தோய் தீவிலுள்ள கிளாக்ஸ்விக் ஊருக்குப் போனது. மறு ஆண்டு தெற்குக் கோடியில் சுதுரோய் தீவின் த்வோரொய்ரி வென்றது. 1944இல் போட்டி நடக்கவில்லை. பந்து கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். ஆள் இருந்தார்கள், ஊர் இருந்தது, எதிரணி இருந்தது. போர்க்காலத்தில் தோல்பந்து மட்டும் இல்லை. 1945இல் மறுபடி ஆடினார்கள்.

விளையாட இடம் தேடுவதே அங்கே பெரும்பாடு. மரமற்ற செங்குத்து மலைகள், மேலே மெல்லிய மண், அடியில் எரிமலைப் பாறை. சமதளம் என்பது பெரும்பாலும் கடலோரத் துண்டு. அதிலும் வீடு, துறைமுகம், வைக்கோல் நிலம் என்று முந்திக்கொண்டவை பல. பாறையை வெடிவைத்துத் தகர்த்துத்தான் மைதானம் கண்டார்கள். வெகுகாலம் சரளைத் தரையில் ஆடினார்கள். விழுந்தால் முழங்கால் தோல் தரையோடு போய்விடும். பிறகு செயற்கைப் புல்தரை வந்தது. எய்ஸ்டுரோய் தீவின் வடமுனையில் எய்தி என்ற கிராமத்துப் பழைய மைதானம் ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் ஏரியையும் வைத்துக்கொண்டு கிடக்கிறது. இப்போது அங்கே ஆட்டம் இல்லை. பயணிகள் கூடாரமடிக்கும் இடமாகிவிட்டது. புகைப்படத்தில் அதைப் பார்த்து வியப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அழகுதான். ஆனால் அந்தக் கிராமத்தார் அதை அழகுக்காக அங்கே அமைக்கவில்லை. இருந்த சமதளம் அது ஒன்றுதான். அதைத் தங்கள் வயலுக்குக் கொடுக்காமல் பந்துக்குக் கொடுத்தார்கள் என்பதே எனக்கு அந்தப் படத்தில் தெரிகிறது.

பட்டம் வென்ற ஊர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வரைபடத்தில் தேடினால் இந்த லீக்கின் குணம் புரியும். தலைநகர் தோர்ஷவ்னின் ஹெச்பி கிளப் 24 பட்டங்களோடு முன்னே நிற்கிறது. அதே நகரின் பி36 கிளப்புக்கு 11. இரண்டுக்கும் சொந்த மைதானம் குண்டடாலூர் என்ற ஒரே வளாகம்தான். தலைநகராட்சியில் நாட்டு மக்களில் ஐந்தில் இரண்டு பங்கு வாழ்கிறார்கள். அங்கே பட்டங்கள் குவிவதில் வியப்பில்லை. வியப்பு மற்றவற்றில் இருக்கிறது. த்வோரொய்ரிக்கு 7. கோத்தா கிராமத்துக்கு 6. மலையுச்சியை உடைத்து மைதானம் கட்டிய டொஃப்டிருக்கு 3. வாகூர் 2000இல் வென்றது, ரூனாவிக் 2007இல், எய்தியும் பக்கத்து ஊரும் சேர்ந்து அமைத்த எய்தி-ஸ்ட்ரெய்மூர் கிளப் 2008இலும் 2012இலும். ஓராயிரம், இரண்டாயிரம் பேர் வாழும் ஊர்கள் ஒரு நாட்டின் சாம்பியன்களாக இருந்திருக்கின்றன.

1989இல் வென்றது சாண்டூர். சாண்டோய் தீவில் உள்ள சிற்றூர். அந்தத் தீவு முழுவதையும் எண்ணினாலே சுமார் 1,200 பேர்தான். அந்த அணியில் டோர்கில் நீல்சன் என்றொருவர் ஆடினார், சதுரங்கத்திலும் தேர்ந்தவர். அடுத்த ஆண்டு, 1990 செப்டம்பர் 12 அன்று, ஃபாரோ தன் முதல் அதிகாரபூர்வமான ஐரோப்பியத் தகுதிப் போட்டியில் ஆஸ்திரியாவைச் சந்தித்தது. சொந்த நாட்டில் தகுதியான புல்தரை இல்லாததால் ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரோனா நகரத்தில் போய் ஆட வேண்டியிருந்தது. ஆஸ்திரியா அந்த ஆண்டுதான் உலகக் கோப்பையில் ஆடிவிட்டு வந்திருந்தது. இரண்டாம் பாதியில் நீல்சன் கோல் அடித்தார். 1-0. ஆஸ்திரியப் பயிற்சியாளர் பதவி விலகினார்.

அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் கோல்கீப்பர் யென்ஸ் மார்ட்டின் க்னுட்சன் தலையில் அணிந்திருந்த குஞ்சம் வைத்த வெள்ளைக் கம்பளித் தொப்பியைப் பற்றித்தான் பேசுவார்கள். மீன் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தொப்பியிலேயே பார்வை நின்றுவிட்டால், அந்தப் பதினொரு பேர் எங்கே பழகினார்கள் என்ற கேள்வி எழாமலே போய்விடும். நீல்சனுக்கு அந்தக் கோலைச் சொல்லிக்கொடுத்தது ஆஸ்திரியா அல்ல. ஆண்டுதோறும் சாண்டூருக்கு வந்து அவரைத் தடுக்கத் தலைகீழாய் நின்ற கோத்தா, டொஃப்டிர், தோர்ஷவ்ன் பின்கள வீரர்கள். அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. ஆனால் லாண்ட்ஸ்க்ரோனாவில் அவர்களும் ஆடினார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

அக்காலத்தில் ஒரு ஆட்டத்துக்குப் போவதென்றால் படகு ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் ஆட்டம் தள்ளிப்போகும். இன்று தீவுகளைக் கடலடிச் சுரங்கப்பாதைகள் இணைக்கின்றன. 2006இல் கிளாக்ஸ்விக்குக்கு ஒன்று திறந்தது. 2020 டிசம்பரில் திறந்த எய்ஸ்டுரோய் சுரங்கம் 11 கிலோமீட்டருக்கு மேல். கடலுக்கு அடியிலேயே ஒரு ரவுண்டானா வைத்திருக்கிறார்கள். தோர்ஷவ்னிலிருந்து ரூனாவிக்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்த பயணம் 16 நிமிடமாகச் சுருங்கியது. 2023 டிசம்பரில் சாண்டோய் தீவுக்கும் சுரங்கம் வந்தது. சுதுரோய்க்கு இன்னும் கப்பல்தான். இரண்டு மணி நேரம்.

தூரம் குறைந்தது நல்லதுதான். அதோடு ஒரு சங்கடமும் வந்தது. 16 நிமிடத்தில் தலைநகரப் பயிற்சிக்குப் போய்வர முடியும் என்றால், திறமையான பதினாறு வயதுப் பையன் எதற்குச் சொந்த ஊர் அணியில் இருக்க வேண்டும்? படிப்புக்காக டென்மார்க் போகும் இளையவர்கள் பலர் திரும்புவதில்லை. கிராமத்தில் பதினொரு பேர் சேர்ப்பதே கடினமாகிறது. அப்போது ஊர்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. த்வோரொய்ரி உட்பட சுதுரோய் தீவின் மூன்று கிளப்புகள் 2017இல் ஒரே அணியாக ஆடின. ஒட்டவில்லை, சில பருவங்களிலேயே பிரிந்துவிட்டன. பலம் கூடும் என்று சேர்ந்தவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று வெளியாள் கேட்கலாம். அந்தத் தீவுக்காரரைக் கேட்டால் அவர் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைக்கிறேன். பக்கத்து ஊரோடு சேர்ந்துவிட்டால் பக்கத்து ஊரை எதிர்த்து ஆடுவது யார்?

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் 2023 பருவத்துக்கு வர வேண்டும். ஃபாரோ கிளப் கால்பந்தில் அப்படியொரு ஆண்டு அதற்குமுன் வந்ததில்லை.

கிளாக்ஸ்விக்கில் ஏறத்தாழ 5,000 பேர் வாழ்கிறார்கள். மீன்பிடி ஊர். கிளப் 1904இல் தொடங்கியது. 1999இல் பட்டம் வென்ற பிறகு இருபது ஆண்டு அவர்களுக்குப் பட்டமே இல்லை; 2009இல் முதல்நிலையிலிருந்தே இறக்கப்பட்டு, 2010ஐ இரண்டாம்நிலையில் கழித்தார்கள். நிரம்பிய பழைய கோப்பை அலமாரியைப் பார்த்துக்கொண்டே கீழ்நிலையில் ஆடுவது எந்த ஊருக்கும் கசக்கும். ஏறி வந்தார்கள். 2019இல் மீண்டும் வென்றார்கள். 2021, 2022 என்று தொடர்ந்தது. 2023இல் நார்வேக்காரரான மாக்னே ஹோசெத் பயிற்சியாளராக வந்தார். அந்த ஜூலையில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் அவர்களுக்கு விழுந்த சீட்டு ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷ். தொடர்ந்து ஐந்து ஆண்டு ஹங்கேரிப் பட்டம் வென்ற அணி. மூன்றாண்டுக்கு முன் மெஸ்ஸி ஆடிய பார்சிலோனாவோடு ஒரே பிரிவில் இருந்த அணி.

முதல் ஆட்டம் ஃபாரோவில், 0-0. மறு ஆட்டத்துக்கு புடாபெஸ்ட் போனார்கள். முதல் பாதியிலேயே மூன்று கோல். ஆர்னி ஃபிரெடரிக்ஸ்பெர்க் இரண்டு, லூக் காசி ஒன்று. 3-0. அந்த இரவோடு ஹங்கேரி அணியின் பயிற்சியாளர் வேலை போனது. அடுத்து ஸ்வீடன் சாம்பியன் ஹேக்கன்: முதலில் 0-0, பிறகு கோதன்பர்கில் 3-3, கடைசியில் பெனால்டியில் கிளாக்ஸ்விக். அதோடு ஓர் ஐரோப்பியப் போட்டியின் குழுச்சுற்றில் இடம் உறுதியானது. ஃபாரோ கிளப் எதற்கும் அதுவரை கிடைக்காத இடம். அடுத்து நார்வே சாம்பியன் மோல்டேயை உள்ளூரில் 2-1 என்று வென்று, மறு ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். பிறகு மால்டோவாவின் ஷெரிஃபிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோல்வி. இறங்கி இறங்கி கான்ஃபரன்ஸ் லீக் குழுவுக்கு வந்து சேர்ந்தார்கள்: பிரான்சின் லீல், ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவன், ஸ்லோவீனியாவின் ஒலிம்பியா. அக்டோபரில் லீலோடு 0-0. அதே மாதம் ஒலிம்பியாவை 3-0. குழுவில் கடைசி இடம்தான். ஆனால் நான்கு புள்ளிகள்.

இந்த ஆட்டங்களைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதின. அவை அவ்வளவாக எழுதாததை நான் சொல்ல விரும்புகிறேன். புடாபெஸ்டிலிருந்து திரும்பியவர்களுக்காக உள்ளூர் லீக் அட்டவணை காத்துக்கொண்டிருந்தது. ஐரோப்பாவே பேசிய அணி, வார இறுதியில் கடலோரக் கிராமம் ஒன்றில் சில நூறு பேர் முன்னால் ஆட வேண்டும். எதிரே நிற்பவர் பகலில் தச்சு வேலை செய்துவிட்டு வந்தவராக இருக்கலாம். பள்ளி ஆசிரியராக இருக்கலாம். அவருக்குப் புடாபெஸ்ட் ஒரு பொருட்டல்ல. அவர் ஏப்ரலில் தோற்றிருக்கிறார், இப்போது வெல்ல வந்திருக்கிறார். அவர் விட்டுக்கொடுத்து ஆடியிருந்தால், ஊர்ப்பெருமைக்காகக் காலை மெதுவாக வைத்திருந்தால், கிளாக்ஸ்விக்கின் கூர்மை அந்த மழையில் மழுங்கியிருக்கும். அவர் முட்டி மோதினார். அதுதான் அவர் செய்த உதவி.

குழுச்சுற்று ஆட்டங்களைக் கிளாக்ஸ்விக்கில் நடத்த முடியவில்லை. ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்ற தேசிய மைதானம் தோர்ஷவ்னில், குண்டடாலூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆக, கிளாக்ஸ்விக் தன் வரலாற்றின் மிகப்பெரிய இரவுகளைத் தன் பரம எதிரிகளான ஹெச்பி, பி36 இருவரின் வாசலில் கொண்டாட நேர்ந்தது.

அந்த இரவுகளில் தலைநகரத்தார் யார் பக்கம் இருந்தார்கள்? எல்லோர் மனதையும் நான் அறியேன். பொறாமைப்பட்டவரும் இருந்திருப்பார்கள், அது மனித இயல்பு. ஆனால் பொறாமைக்கு அப்பால் ஒரு கணக்கும் இருந்தது. ஐரோப்பியப் போட்டிகளில் ஒரு நாட்டுக்கு எத்தனை இடம், எந்தச் சுற்றில் நுழைவது என்பதைத் தீர்மானிப்பது தரவரிசைப் புள்ளி. அந்த நாட்டின் எல்லாக் கிளப்புகளும் அந்த ஆண்டு ஐரோப்பாவில் ஈட்டிய புள்ளிகளைக் கூட்டி, கலந்துகொண்ட கிளப்புகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். ஐந்தாண்டு கணக்கு நிற்கும். கிளாக்ஸ்விக் ஹேக்கனை வீழ்த்தியபோது ஹெச்பியின் வருங்காலமும் ஓர் அங்குலம் உயர்ந்தது. கோத்தாவின் அணி வெளிநாட்டில் டிரா செய்தால் கிளாக்ஸ்விக்குக்கும் அதில் பங்கு. ஞாயிற்றுக்கிழமை தோற்கடிக்க வேண்டியவர் வியாழக்கிழமை வென்றாக வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் சுவிட்சர்லாந்து அலுவலகத்தில் உட்கார்ந்து பெரிய நாடுகளை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள். பத்து அணி லீக்கில் அது அறநெறி போலவே இயங்குகிறது.

பணத்தின் கதை இதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. கான்ஃபரன்ஸ் லீக் குழுவில் இடம்பெற்றதற்கே அப்போது 29 லட்சம் யூரோவுக்கு மேல் தொகை. வெற்றி, டிராவுக்குத் தனி. 5,000 பேர் ஊரின் கிளப்புக்கு அது மலை போன்ற பணம். பங்கேற்காத கிளப்புகளுக்கும் ஐரோப்பிய அமைப்பு ஒரு சிறு பங்கு ஒதுக்குகிறது. ஆனாலும் இடைவெளி பெரிது. ஒருவரிடம் பணம் சேர, நல்ல வீரர்கள் அங்கே சேர, பட்டம் அங்கேயே சேர, மறுபடி பணம். ஐரோப்பாவின் பல சிறிய நாடுகளில் இந்தச் சுழல் லீக்கையே விழுங்கியிருக்கிறது. சாம்பியன் யாரென்று பருவம் தொடங்குமுன்னே தெரிந்துவிட்டால், வென்றவருக்கும் அதில் ருசி இருக்காது.

இது ஃபாரோவுக்குத் தெரியாத அனுபவமல்ல. பெண்கள் லீக்கில் கிளாக்ஸ்விக் 2000 முதல் 2016 வரை தொடர்ந்து 17 பட்டங்கள் வென்றது. உலகில் அரிதான சாதனை. அந்தப் பெண்களின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்த அணி ஆண்டுதோறும் ஐரோப்பாவுக்குப் போய்ப் பெரிய அணிகளிடம் பெரும்பாலும் தோற்றுத் திரும்பியது. காரணங்கள் பல, மக்கள்தொகை முதல் காரணம். என்றாலும் வீட்டில் திணறடிக்க ஆளில்லாதவர் வெளியே போய்த் திணறாமல் இருப்பது கடினம் என்பதையும் அதில் ஒன்றாகச் சேர்க்கிறேன். 2017இல் எய்தி, ஸ்ட்ரெய்மூர், ஸ்கோலா ஊர்களின் கூட்டணி அந்தத் தொடரை முறித்தது. அன்று தோற்றவர்களுக்கு வலித்திருக்கும். எனக்கு அது அந்த லீக்குக்கு மூச்சு திரும்பிய ஆண்டாகப் படுகிறது.

எதிராளியை நாம் தடையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அவர் விலகினால் வழி திறக்கும் என்று நினைக்கிறோம். தொழிலில், தேர்வில், அரசியலில், அண்டை வீட்டாரோடு எல்லையளக்கும்போதுகூட அதே எண்ணம்தான். கோடிப்பேர் வாழும் நாட்டில் இந்த எண்ணம் நம்மை உடனே தண்டிப்பதில்லை. ஒரு எதிராளி ஒழிந்தால் இன்னொருவர் முளைத்து வந்துவிடுவார். அதனால் அவர் நமக்கு என்ன கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது தெரியாமலே போகிறது. பத்தே அணிகள் உள்ள இடத்தில் அது மறைவதில்லை. ஒரு கிராமம் ஆள் சேர்க்க முடியாமல் கிளப்பை மூடினால், மற்ற ஒன்பது அணிகளுக்கும் தலா மூன்று ஆட்டம் போய்விடும். சாண்டூர் ஒழிந்தால் தோர்ஷவ்ன் குறைகிறது. நம்மை வீழ்த்தவென்று ஒருவர் விடியலில் எழுந்து ஓடிப் பழகுகிறார்; தன் முழு பலத்தையும் மறைக்காமல் நம் முன்னால் கொண்டுவந்து வைக்கிறார். நம்மை நேசிப்பவர்கள்கூட அவ்வளவு முழுதாக நமக்கு எதையும் தருவதில்லை, ஏனென்றால் அன்பு விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுக்காத ஒருவர் இருந்தால்தான் நம் உயரம் நமக்குத் தெரியும். போட்டி என்பது இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பாரம். ஒருவர் கைவிட்டால் மற்றவர் வெல்வதில்லை, பாரம்தான் கீழே விழுகிறது.

இதை நட்பு என்று இனிப்புப் பூச நான் விரும்பவில்லை. கிளாக்ஸ்விக்காரருக்குத் தலைநகரத்தாரைப் பிடிக்காது என்றால் பிடிக்காதுதான். பிடிக்காமலே ஒருவர் மற்றவருக்கு அவசியமாக இருக்க முடியும். அது நட்பைவிடக் கடினமான உறவு. சில சமயம் நட்பைவிட நீண்ட நாள் நிற்பது.

2023இல் கிளாக்ஸ்விக் லீக் பட்டத்தையும் தக்கவைத்தது, தொடர்ந்து மூன்றாவது. பணமும் புகழும் அவர்கள் பக்கம். இனி யார் தடுப்பார் என்று கேட்கத் தோன்றும் நேரம். 2024இல் தடுத்தது விக்கிங்குர்.

அந்த அணியின் பிறப்பைச் சொல்லியாக வேண்டும். எய்ஸ்டுரோய் தீவில் கோத்தா, லெய்ர்விக் என்று அடுத்தடுத்து இரண்டு கிராமங்கள். தனித்தனிக் கிளப்புகள், பல பதிற்றாண்டுகளாக நேருக்கு நேர் ஆடியவை. கோத்தாவிடம் ஆறு பட்டங்களின் பெருமை, அதில் நான்கு 1993 முதல் 1996 வரை வரிசையாக வந்தவை. 2008இல் இரு கிளப்புகளும் தங்கள் பெயரையும் தங்களுக்குள் இருந்த பகையையும் கலைத்துவிட்டு ஒன்றாயின. அண்டை ஊரை எதிர்த்து ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளை இழந்தார்கள். சுதுரோயில் சேர்ந்தவர்கள் பிரிந்துபோனார்கள். இவர்கள் சேர்ந்தே நின்றார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. தனித்தனியாக இருந்திருந்தால் இரு ஊர்களும் மெலிந்து, கிளாக்ஸ்விக்கையும் தோர்ஷவ்னையும் எதிர்க்க அந்தப் பக்கத்தில் ஆளே இல்லாமல் போயிருக்கலாம். ஒருவருக்கொருவர் எதிராளியாக இருப்பதை விட்டுக்கொடுத்துத்தான் மற்றவர்களுக்கு எதிராளியாக அவர்களால் நீடிக்க முடிந்தது. 2016, 2017இல் பட்டம் வென்றார்கள். 2024இல் மறுபடியும். ஃபெரென்ஸ்வாரோஷை வென்றவர்கள், லீலைத் தடுத்து நிறுத்தியவர்கள், தங்கள் ஊரிலிருந்து சுரங்கம் வழியாகச் சில நிமிடத்தில் எட்டக்கூடிய கோத்தாவின் அணியிடம் அந்த ஆண்டுப் பட்டத்தை இழந்தார்கள். அடுத்த மார்ச்சில் மறுபடி 27 சுற்றுகள். அதில் மூன்று விக்கிங்குரோடு.